பதினான்காம் பிரிவும் மூன்றாவது டாக்டரும்

ஆடி 26, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் துணி நிற்கவில்லை.

கம்பெனியிலிருந்து பதிவுத் தபால். இவர் வாங்கி, பிரிக்காமல் டிவி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் பிரித்தேன். முழுக்க இங்கிலீஷ். அகராதியோடு முக்கால் மணி நேரம். சாரம்:

1. வருடப் பரிசோதனையில் இவருக்குத் தலைசுற்றல் நோய் என்று கம்பெனி டாக்டர் எழுதியிருக்கிறார்.
2. டவர் ஏறிக் குழாய் பார்க்கும் ஃபிட்டர் வேலைக்குத் தகுதியில்லை. கீழே வேறு வேலை காலியில்லை.
3. பதினைந்து நாளில் மறுப்பு வராவிட்டால் வேலையிலிருந்து விடுவிப்பு.

இருபத்தோரு வருஷ வேலை.

"நோயெல்லாம் ஒண்ணுமில்ல அம்மிணி. அன்னிக்கு லேசாக் கிறுகிறுன்னு வந்துச்சு, அவ்வளவுதான்."

அன்றைக்கு என்றால், இவர் கோயிலில் பூ மிதிக்க நெருப்பில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால். கையில் காப்பு. மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு. ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லிக் கம்பெனி உத்தரவு வேறு. ஆக முந்தின நாள் மதியத்துக்கு அப்புறம் பச்சைத் தண்ணீர் மட்டும். அந்த வயிற்றோடு கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால்?

விரதம் என்று டாக்டரிடம் சொல்லவே இல்லையாம்.

"சொன்னா மாரியாத்தா மேல பழி போட்டாப்பல ஆயிருமில்ல?"

தை மாதம் இவருக்குக் காய்ச்சல் இறங்காதபோது, பூ மிதிப்பார் என்று வேண்டிக்கொண்டது நான்.

ஆடி 27, செவ்வாய்

துர்க்கைக்கு விளக்கு. எலுமிச்சை வாங்க மறந்து, அகல்.

பீரோவின் அடித்தட்டில் கம்பெனியும் சங்கமும் போட்ட ஒப்பந்தப் புத்தகம். ஒருவரும் பிரித்ததில்லை, ஓரம் கூட மடங்கவில்லை. பென்சிலோடு உட்கார்ந்தேன். சோப்பு, சீருடை, லீவு, கேன்டீன். பிரிவு 14 வந்தது.

14(2): கம்பெனி டாக்டர் சொன்னதை ஏற்காத தொழிலாளி வேறு டாக்டரிடம் கருத்து வாங்கலாம்.

14(3): இரண்டு டாக்டரும் மாறுபட்டால், இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்றாவது டாக்டர். செலவு கம்பெனியுடையது. அவர் சொல்வதே முடிவு. இரு தரப்பையும் கட்டும்.

மூன்று முறை படித்தேன். நாலாவது தடவை சத்தமாக. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

சங்கச் செயலாளர் குப்புசாமி அண்ணனுக்குப் போன்.

"பதினாலா? அதுல செருப்பு, சோப்புதான் தங்கச்சி இருக்குது."

"அது பதிமூணுங்கண்ணா. பக்கத்தைத் திருப்புங்க."

காகிதச் சத்தம்.

"அட, ஆமா. கடைசில நாந்தான் கையெழுத்துப் போட்டிருக்கறேன்."

கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் புத்தகமும் பார்த்தேன். இரண்டாவது கருத்துக்கு வருடம் ஒரு தடவை இன்சூரன்ஸே கட்டணம் தரும், அவர்கள் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால். நாமக்கல்லில் ஒன்று இருக்கிறது. அடிக்கோடு போட்டேன். தூக்கம் வருமா தெரியவில்லை, சந்தோஷத்தில்.

ஆடி 29, வியாழன்

நாமக்கல். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இவர் வழியெல்லாம் ஒரே பேச்சு: "விரதத்தப் பத்தி வாயே தொறக்கக் கூடாது." சரி என்றேன்.

காது டாக்டர். தலையைத் திருப்பி, படுக்கவைத்து, எழுப்பி, கண்ணில் ஏதோ கண்ணாடி மாட்டி. நோய்க்கு அறிகுறி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு ஏன் சுற்றியது என்று கேட்டதற்கு இவர், "வெயிலுங்க."

ஆஞ்சநேயரிடம் போனோம். கும்பிட்டது பாதி, இவர் சொன்ன அந்த வெயில் பொய்யை நினைத்தது பாதி.

ஆவணி 2, திங்கள்

மறுப்புக் கடிதம் நானே எழுதியது, நாலு வரி. இவர், குப்புசாமி அண்ணன், நான் மூவருமாகக் கம்பெனி ஆபீஸ். அங்கே ஒரு சின்ன வயசு அதிகாரி.

"இந்தப் பிரிவை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா."

"இப்பக் கேக்கறோமுங்க."

உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய். கடைசியில் சேலத்து டாக்டர்கள் மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். இரு தரப்பும் ஒரே பெயருக்கு டிக். எங்கள் நகலில் முத்திரை. ஈரம் காயும்வரை ஊதிக்கொண்டே வந்தேன். அண்ணன் வெளியே வந்ததும், "தங்கச்சி, சங்கத்துல சேந்துருங்க" என்றார். இவர் சிரித்துவிட்டார். அதைப் பார்த்துப் பல நாளாச்சு.

ஆவணி 6, வெள்ளி

சேலம். மூன்றாவது டாக்டர் வயதான அம்மா. இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் படித்தார்.

"கம்பெனி டாக்டர் சும்மா எழுதமாட்டார். அன்னைக்குத் தடுமாறியிருக்கீங்க. ஏன்?"

"வெயிலுங்க."

"ஏசி ரூம்லயா?"

இவர் தரையைப் பார்த்தார். நான் பையிலிருந்து சமையல் நோட்டை எடுத்தேன். தினமும் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று அதில் இருக்கும். காப்புக் கட்டிய பதினைந்து நாளும் காட்டினேன். வேண்டியது நான், மிதித்தது இவர் என்றும் சொன்னேன். இவர் என்னைப் பார்த்த பார்வை.

டாக்டரம்மா நோட்டிலிருந்து இரண்டு வரி எழுதிக்கொண்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, சாப்பிட்டு இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பியிருப்பாங்க. போங்க, வயிறார சாப்பிட்டு வாங்க."

ஹோட்டல். நாலு இட்லி உள்ளே போயிற்று. ஐந்தாவதுக்கு, "ஆத்தா மேல பழி போட்டுட்டயே."

"பழி எம்மேலதானுங்க. ஆத்தா மத்தியானம் ஒரு வேளை சோறு உங்கச் சொன்னா. அத டாக்டருகிட்ட மறைக்கச் சொன்னாளா?"

சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டார். கோபம் பாதி போயிற்று என்று அர்த்தம்.

திரும்பிப் போய் எல்லாப் பரிசோதனையும். கண்ணை மூடி ஒற்றைக் காலில், கல்தூண் மாதிரி நின்றார். முடிவு: தலைசுற்றல் நோய் இல்லை. உயரத்தில் வேலை செய்யத் தகுதி உண்டு. விரத நாட்களில் டவர் ஏறக் கூடாது, லீவு எடுக்க வேண்டும்.

"அது நல்லதுதானே" என்றார் இவர், என்னைப் பார்த்து இல்லை, ஜன்னலைப் பார்த்து.

ஆவணி 7, சனி

கம்பெனியிலிருந்து போன். திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு வரச் சொல்லி. தெருவில் மூன்று வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். நாலாவது வீட்டில் ஆள் இல்லை.

ஆவணி 9, திங்கள்

மேகம். காற்று இல்லை, நல்லது.

நாலு மணிக்கே எழுந்து சமையல். புளிக்குழம்பு, கோஸ் பொரியல், தயிர். ஐந்தரைக்குப் பஸ் ஏறினார். எட்டு மணி. ஒன்பது. வீட்டை இரண்டு தடவை கூட்டினேன். பத்தரை. மேலே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், தெரியும். தெரிந்தும் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பன்னிரண்டு பத்துக்குப் போன் அடித்தது.

"ஏறி எறங்கியாச்சு. கொழம்புல உப்பே இல்லை."