பதினான்கு பெயர்கள்

ஜூன் 14

இன்றும் ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை ஸ்டுடியோ வாசலில் பலகையைத் தூக்கிக்கொண்டு நடை. எழுத்தாளர் வேலைநிறுத்தம் ஏழாவது வாரம். ஒரு லாரிக்காரர் எங்களைப் பார்த்ததும் ஹாரன் அடித்து, மறியலைத் தாண்டமாட்டேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரே ஆரவாரம். அடுத்து வந்தது வார்டின் கார்.

வார்ட் கெஸ்லர். பதினோரு வருஷம் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து டிவி தொடர் எழுதியவன். இப்போது இந்த ஸ்டுடியோவின் துணைத் தலைவன். பேச்சுவார்த்தையில் எங்களுக்கு எதிர்வரிசை.

கண்ணாடியை இறக்கினான். "என்ன வெர்னா, வெயில்ல இப்படிக் காய்ஞ்சு போயிட்டே? உள்ள வா, ஏசி இருக்கு."

"நீ சொந்தமா எழுதினதுலயே இதுதான்டா நல்ல வசனம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 15

தோள் வலி. வெறுப்பு.

ஜூன் 22

தெருவோர டாக்கோ சாப்பாட்டு வண்டி வரிசையில் நின்றபோது நோரீன் பக்கத்தில் வந்து நின்றாள். வார்டின் செயலாளர்.

"இதை வச்சுக்கிட்டு எனக்குச் சாப்பாடே இறங்கல வெர்னா. நீங்க வச்சுக்கோங்க."

மடித்த தாள். வார்ட் மற்ற இரண்டு ஸ்டுடியோக்களுக்கும் அனுப்பிய கடிதத்தின் நகல். வேலைநிறுத்தம் முடிந்த பிறகு கீழ்க்கண்டவர்களை மூவரும் வேலைக்கு எடுப்பதில்லை என்று பேசியபடி — பதினான்கு பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. பதினோரு வருஷத்தில் என் குடும்பப் பெயரை ஒரு தடவைகூடச் சரியாக எழுதாதவன், இதில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான்.

அவனை விடமாட்டேன்.

ஜூன் 23

சங்கத்தின் வக்கீல் பெட்டினாவிடம் காட்டினேன். மூன்று முறை படித்தாள்.

"சங்கத்தோட பேரம் பேசறதுக்கு முதலாளிங்க ஒண்ணா உக்காரலாம், அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. இன்னாருக்கு வேலை கிடையாதுன்னு தங்களுக்குள்ள கூடிப் பேசி முடிவு பண்ணக் கூடாது. அது போட்டியை ஒழிக்கிற சதி."

"ஜெயிலா?"

"அவசரப்படாத. முதல்ல புகார்."

கைவிலங்கோடு அவனை அந்த வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு வரவேண்டும். நாங்கள் பலகையோடு நின்று பார்க்கவேண்டும். காலையிலிருந்து இதே காட்சியைத்தான் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், மனசுக்குள். நான் இப்படிப்பட்டவளா? ஆமாம்.

ஜூலை 11



புகார் போனது தெரிந்ததும் வார்ட் தானே அரசாங்க வக்கீல்களிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான். முதலில் வந்து சொல்பவனுக்குத் தண்டனை கிடையாதாம். இப்படியும் ஒரு விதியா! இது போதாதென்று, நாங்கள் போடப்போகும் வழக்கிலும் அவனை விட்டுவிட வேண்டுமாம்.

"யார் யார் போன்ல என்ன பேசினாங்கன்னு அவன் ஒருத்தன் வாயாலதான் வரணும்" என்றாள் பெட்டினா. "அவனை விட்டா மூணு ஸ்டுடியோவும் மாட்டும். பட்டியல்ல இருக்கிற பதினாலு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். பதிமூணு பேர் போட்டாச்சு."

"நான் போடமாட்டேன் போ. அவன் சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போவான், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

ஜூலை 12

போடவில்லை.

ஜூலை 14

டாரில் வந்தான். பட்டியலில் ஒன்பதாவது பெயர். உட்காரக்கூட இல்லை.

"உனக்கு அவன் ஒருத்தன் அழியணும். எங்களுக்கு வேலை வேணும், வெர்னா. நீ எங்க பக்கம்தானே?"

நேராகப் பெட்டினாவிடம் போனேன். போட்டேன். பேனா அழுத்தித் தாள் கிழிந்துவிட்டது. பெட்டினா வேறு தாள் கொடுத்தாள். அதிலும் போட்டேன்.

செப்டம்பர் 19

வேலைநிறுத்தம் முடிந்தது. வழக்குக்குப் பயந்து, நாலரை மாதமாக முடியாது என்றதையெல்லாம் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டார்கள். ஒரு தொடரை எழுதும் அறைக்குக் குறைந்தது இத்தனை எழுத்தாளர் என்பது உட்பட. மற்ற இரண்டு ஸ்டுடியோத் தலைவர்களும் பதவி விலகினார்கள். வார்டையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். சங்க அலுவலகத்தில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், ஆடுகிறார்கள். நானும் ஆடினேன். ஆனால் அவன் கையில் விலங்கு விழவில்லையே.

பிப்ரவரி 6

என் புதுத் தொடருக்கு அறை தயார். எட்டு நாற்காலி. எட்டாவது நோரீனுக்கு, இப்போதுதான் எழுதப் பழகுகிறாள். அவள் நேற்றுக் காட்டிய முதல் காட்சி மோசம், இரண்டாவது பரவாயில்லை.

காலையில் வார்டிடமிருந்து கடிதம். எங்கே தட்டினாலும் கதவு திறக்கவில்லையாம். பழசை மறந்து ஒரே ஒரு நாற்காலி தர முடியுமா, கடைசி நாற்காலியானாலும் சரி என்று கேட்டிருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் டாரில் போன் செய்தான். அவனும் இப்போது சொந்தமாக ஒரு தொடர் நடத்துகிறான்.

"வார்ட் எனக்கும் எழுதியிருக்கான். நீ எடுக்கலன்னா நானும் எடுக்கல. என்ன சொல்றே?"

"என்கிட்ட கேக்காத டாரில். நாம ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டா அவனுங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? உன் அறை, நீயே முடிவு பண்ணு."

"அப்போ நீ?"

போனை வைத்துவிட்டேன்.

பிறகு பெட்டினாவைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். ஒருத்தி தனியாக, யாரையும் கலக்காமல், ஒருவனுக்கு வேலை இல்லை என்று சொன்னால் குற்றமா? இல்லை என்றாள். ஏன் கேட்கிறே என்றாள். சும்மாதான் என்றேன்.

வார்டுக்குப் பதில் எழுதவில்லை. மதியம் நல்ல பசி. வயிறாரச் சாப்பிட்டேன்.