உள்ளே யாரும் இல்லை என்று சொன்னேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருக்கவேண்டும், அவனுக்குச் சளி விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நீ போன் செய்தபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று அவள் சொன்னாளே, எல்லாம் பொய் கண்ணு. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு. உன்னிடம் பேச எனக்கு முகம் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுப்பில் சின்னதாகத் தீப்பிடித்தது, அணைத்தாகிவிட்டது என்று அம்மா உன்னிடம் சொன்னாள். சின்னது இல்லை. முழுவதையும் நான்தான் சொல்லவேண்டும், அதுவும் இப்போதே சொல்லவேண்டும், ஏனென்றால் உன் புது வீட்டு வரைபடத்தைப் போனில் அனுப்பி, சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்க்கப்போகிறோம், அதற்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை குட்டிக்கு, "நம்ம வீட்ல அப்பா பண்ணின மாதிரியே" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இந்தக் கடிதம் கைக்கு வரும்வரை கொத்தனாரை நிறுத்தி வை என்று அம்மாவை விட்டு உனக்குச் சொல்ல வைத்ததும் அதற்காகத்தான்.

நான் பண்ணினது என்ன என்று உனக்கே தெரியும், பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினவன் நான்தானே. மாடிப்படி இறங்கினால் முன்பு ஒரு நடை இருந்தது, ஒரு பக்கம் வாசல், ஒரு பக்கம் கதவு போட்ட சமையலறை. அந்த நடைச் சுவரை இடித்தேன், சமையலறைக் கதவைப் பிடுங்கினேன், கீழே இருந்த படுக்கையறையையும் விடவில்லை, எல்லாவற்றையும் ஒரே ஹாலாக்கினேன். வறுக்கிற நெடி மாடிக்குப் போகுமே, கதவாவது இருக்கட்டும் என்று அம்மா சொன்னாள். நெடி போனா என்ன, பசி எடுக்கும் என்று சிரித்தேன். நெடி போகிற வழியில் புகையும் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாடி ஜன்னல்களுக்கெல்லாம் திருடன் பயத்தில் திறக்க முடியாத கம்பி போட்டு இறுகப் பற்றவைத்துவிட்டேன். ஆக, மேலே இருப்பவர்களுக்கு வெளியே வர ஒரே வழி, அதுவும் அடுப்பை ஒட்டினாற்போல.

உன் பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, கொஞ்ச நாள் நம் வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா அழைத்து வந்தாள். கால் மடக்க முடியாதவளுக்குக் கீழே ஒரு அறை இல்லை பார், மாடியில் போட்டோம். வந்த அன்றே ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி, பஸ் எந்தப் பக்கம் வந்து நிக்கும்?" என்று கேட்டுவிட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அன்றிலிருந்து அவளோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அம்மாதான் மேலே கொண்டு போவாள், ஹாலிலேயே படுத்துக்கொண்ட நான் படியேறிப் பார்த்ததே இல்லை. ஒரு மனுஷி வீட்டில் இருக்கிறாள் என்பதை நினைக்காமலேயே இருக்கப் பழகிக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். உருளைக்கிழங்கு வறுக்கலாம் என்று எண்ணெயைக் காய வைத்தேன். அந்த நேரம் பார்த்து என் பழைய பட்டறை நண்பன் தெருவில் போனான். அவனை நிறுத்தி வாசலில் நின்றபடியே ஹாலைக் காட்டினேன், இங்கிருந்து பின்சுவர் வரைக்கும் ஒரே பார்வை எப்படி என்று கேட்டேன். ஒரே பார்வைதான், தீ பிடித்ததையும் அவன்தான் முதலில் பார்த்தான். உள்ளே ஓடி, புத்தி கெட்டுப்போய் ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே எண்ணெயில் ஊற்றினேன். குபீரென்று மேலே எழும்பி, அடுப்புக்கு மேல் நான் புதிதாக அடித்த பிளைவுட் அலமாரியைப் பிடித்துக்கொண்டது. கருப்புப் புகை தடுக்க ஒன்றுமில்லாமல் நேரே மாடிப்படியில் ஏறிப் போயிற்று. நான் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன்.

இனிமேல்தான் எழுதக் கை வரவில்லை. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு லாரி டிரைவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அண்ணே, உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான். "யாரும் இல்லப்பா, நான் மட்டும்தான்" என்றேன். தயங்காமல் சொன்னேன். அவன் மறுபடியும் கேட்டான், மறுபடியும் அதையேதான் சொன்னேன். டைல்ஸ் போச்சே, அலமாரி போச்சே என்று வேறு புலம்பிக்கொண்டிருந்தேன் கண்ணு. ஓடியிருக்க வேண்டியவர்களையெல்லாம் என் வார்த்தை நிறுத்தி வைத்துவிட்டது.

உன் அம்மா தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள். "அக்கா எங்க?" என்றுதான் கேட்டாள். அப்போதுதான் எனக்கு அவள் ஞாபகமே வந்தது. டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தான், பிறகு ஏணிக்கு ஓடினான். பெரியம்மா மேலே அறைக் கதவைச் சாத்தி, கதவடிச் சந்தில் ஈரப் போர்வையைத் திணித்து, தெருவிலிருந்து தெரியாத பக்கவாட்டு ஜன்னலில் முகத்தை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய மரக்கதவுதான் காப்பாற்றியது, அதையும் பிடுங்கிவிட்டு மடக்குத் தடுப்பு போட ஆள் சொல்லி வைத்திருந்தவன் நான். டிரைவர் ஏணியில் நின்று கம்பியைப் பிடித்து இழுத்தான், அசையவில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை அவன் இறங்கவே இல்லை, ஈரத்துண்டைக் கம்பி வழியாகக் கொடுத்து, "இதோ வந்துட்டாங்க பெரியம்மா, என் கையைப் பிடிச்சுக்கோங்க" என்று பேசிக்கொண்டே இருந்தான். அவர்கள் வந்து கம்பியை அறுத்து அவளை இறக்கினார்கள். நான் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதற்கும் இன்னொருவர் துணைக்கு இருந்தார்.

மறுநாள் தீயணைப்பு அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தாள், உன் வயதுதான் இருக்கும். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மேலே தூங்குகிறவர்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்று கேட்டாள், படியைக் காட்டினேன். அடுப்பு எங்கே இருந்தது என்றாள், அதே திசையைக் காட்டினேன். பிறகு அவள் சொன்னதை உனக்காக எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. படுக்கிற அறையிலிருந்து வாசலுக்கு வர அடுப்பைத் தாண்டக்கூடாது, நடுவில் சுவரும் தானாகச் சாத்திக்கொள்கிற கதவும் வேண்டும். இன்னொரு அறைக்குள் நுழைந்துதான் போகமுடியும் என்கிற அறையில் யாரையும் படுக்கவைக்கக்கூடாது. வேறு வழியே இல்லையென்றால் அந்த அறையில் ஆள் நுழைந்து இறங்குகிற அளவு ஜன்னல் வேண்டும், சாவி தேடாமல் உள்ளிருந்தே திறக்கவேண்டும். புகை வந்தால் கத்துகிற கருவி எல்லா அறைக்கும் கேட்கிற மாதிரி இருக்கவேண்டும். உன் வரைபடத்தில் குட்டியின் அறைக்குச் சமையலறை வழியாகத்தான் போகவேண்டும், ஜன்னலும் கையகலம்தான். நீங்கள் இருப்பது அடுக்குமாடியில் உயரத்தில், ஏணியும் எட்டாது. வேண்டாம் கண்ணு. முன்னறையை அவனுக்குக் கொடு, சுவர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

நான் என்ன சொன்னேன் என்று அம்மாவுக்கு அப்போது தெரியாது. டிரைவர் வாயே திறக்கவில்லை. பெரியம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நானே சொன்னேன். என்னிடம் சொல்லி என்ன, உள்ளே போய் அக்காவிடம் சொல்லுங்கள் என்றாள். போனேன். "அண்ணி, நீங்க உள்ள இருக்கிறதை நான் மறந்துட்டேன்" என்றேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டே, "தெரியும் தம்பி. ஜன்னல்லதானே நின்னேன், நீங்க சொன்னது கேட்டுது. நான் இருக்கேன் நான் இருக்கேன்னு கத்தினேன், இருமல்ல சத்தம் வரல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காருங்கள் என்றாள், எனக்கு உட்காரத் தெரியவில்லை.

இப்போது தேறிவிட்டாள், இருமல்தான் மிச்சம். உன் மாமா வீட்டில் இருக்கிறாள். நான் போனால் பேசுகிறாள், குட்டியைப் பற்றிக் கேட்கிறாள். கீழே மறுபடியும் அறை கட்டுகிறோம், நடைச் சுவர் எழும்பிவிட்டது, கம்பிகளுக்கெல்லாம் கீல் வைத்தாயிற்று, வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். "இதை எழுதிட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைக்காதீங்க" என்றாள். நினைக்கவில்லை என்றேன். கவரை என் கையிலிருந்து வாங்கி, உன் விலாசத்தை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் மூவரும் நூறாண்டு குறையில்லாமல் இருக்கவேண்டும். கொத்தனாரிடம் நாளைக்கே பேசிவிடு. அடுத்த முறை நீ போன் செய்யும்போது நானே எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா