மாப்ளே, அந்தப் படகில் பாதி பட்டிதான்

என் அருமை மாப்ளே முத்துராசு,

மலைக்கோட்டை மேல் ஆணையாக, யாரும் நம்பப் போகாத ஒரு கதையை உனக்குச் சொல்கிறேன். நீயும் நம்ப வேண்டாம். நீ உயிரோடு இருந்தபோதே நான் சொன்ன எதை நம்பினாய்?

நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. பிரியாணிக் கடையைத் தாண்டும்போதே குமட்டுகிறது. நான், பிரியாணியைப் பார்த்து! இனி இந்த ஊரில் மழை பெய்தாலும் ஆச்சரியமில்லை.

எல்லாம் உன் மகளால். சுகன்யா ஒரு பாய்மரப் படகு வாங்கப் போகிறாளாம். கொச்சியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் படகோட்டப் பயிற்சி, அடுத்தது ஒற்றை ஆளாய் மாலத்தீவு. விதை யார் போட்டது? வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் முடித்து வந்து, ஒத்தையில் கடல் தாண்டும் வெள்ளைக்காரர்களின் வீடியோவைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவன் நீதானே? குடிதண்ணீருக்குக் குடத்தோடு ஓடுகிற ஊரில் உனக்குக் கடல் கேட்டது.

நம் சண்டையெல்லாம் நினைவிருக்கிறதா? "மேஸ்திரி இல்ல, மில்லுச் சங்கு இல்ல, காத்தும் நாமளும் மட்டும். அதுதான் மச்சான் சொகம்" என்பாய். "பேச ஆளில்லாட்டி மூணாம் நாளே எனக்கு நாக்கு அழுகிரும்ல" என்பேன். தகரடப்பாவில் தின்று, வாளியில் ஒன்றுக்குப் போய், போனைப் பார்த்து அழுகிறவனுக்குப் பெயர் வீரனா? அருவருப்பு மாப்ளே. படகு இலேசாக இருக்க வேண்டும் என்பது உன் கட்சி. தடிமனாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. முப்பது வருஷமாக ஃபைபர் தண்ணித்தொட்டியும் பாத்ரூம் கதவும் செய்கிறவன் நான். சாணார்பட்டி வட்டாரத்தில் என் தொட்டி ஒன்றின் மேல் யானை ஏறி நின்றது. சரி, எருமை.

அந்தத் தகுதியில்தான் சுகன்யா என்னைக் கூப்பிட்டாள். "மாமா, வந்து பாத்து நல்லாருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க." பஸ் ஏறுமுன் என் தங்கச்சி, உன் பெண்டாட்டி சரோஜா, கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, தங்கத்துல செஞ்சிருந்தாலும் நொள்ளைன்னு சொல்லிரு. ஒத்தப் பிள்ளைய அம்புட்டுத் தண்ணியில விட்டுட்டு நான் எங்கிட்டுப் போய் உக்காருவேன்?" தலையாட்டினேன். பொய்தானே? அதற்கு எனக்குப் பயிற்சி எதற்கு?

கொச்சியில் படகைக் கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பந்தலுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி வெள்ளையாக மின்னியது. உள்ளே இறங்கினால் தோல் பதனிடும் தொட்டி நாற்றம். என் செருப்பு அளவில் கரப்பான்கள், கக்கூஸுக்கு வரிசையில் நின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, திருப்புளிப் பிடியால் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே போனேன். கணீர், கணீர். எனக்கே ஏமாற்றம்.

படகுக்கு அடியில் ஒரு கனத்த ஈயக் கட்டை தொங்கும். காற்று எவ்வளவு சாய்த்தாலும் படகை நிமிர்த்துவது அதுதான். அது கழன்றால் படகு தலைகுப்புறக் கவிழும். அந்தக் கட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் தட்டினேன். பொத். மறுபக்கம். பொத். உள்ளே விரிசல் விட்டதைப் பட்டிப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறான் ஒரு புண்ணியவான். கதவு ஓரத்தில் நானும் பட்டி தேய்த்தவன்தான், மறைக்கவில்லை. ஆனால் என் கதவு யாரையும் நடுக்கடலில் கவிழ்க்காது. ஒரு ஆள் தனியாகப் போகப்போகிற படகு என்று தெரிந்தே தேய்த்திருக்கிறதே அந்தக் கை, அது சோறு பிசைந்து சாப்பிடுமா?

ஓடிப்போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? "தாயி, இது லட்சத்தீவு தாண்டுறதுக்குள்ள தேங்கா மாதிரி ரெண்டாப் பொளந்துரும். சுறா எல்லாம் இலை போட்டு உக்காந்திருக்கு!" உன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். படகை விற்றுக்கொடுக்க வந்த புரோக்கரும் சிரித்தான். "டேங்க் செய்யுற சேட்டனுக்கு போட் பத்தி எந்தா அறியாம்?" முன்பணக் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் பேனாவைத் திறந்தாள்.

"இல்ல தாயி, நெசம்."

"அம்மா சொல்லிக் குடுத்துச்சா மாமா?"

என் நாக்கின் மேல் அன்றைக்கு வந்த அருவருப்பு வேறு எதன் மேலும் வந்ததில்லை. ஐம்பத்தெட்டு வருஷம் புளுகிப் புளுகி, ஒரே ஒரு நிஜம் சொல்ல வேண்டிய நேரத்தில் அது செல்லாக்காசாகக் கிடந்தது.

"ஆமா. சொல்லிக் குடுத்துச்சு. பொய் சொல்லத்தான் நானும் வந்தேன். இது பொய்யில்ல. நீயே குத்திப் பாரு."

திருப்புளியை நீட்டினேன். "ஏய், பெயிண்ட்! பெயிண்ட்!" என்று புரோக்கர் கத்தக் கத்த அவள் குத்தினாள். பிடி வரைக்கும் இறங்கியது மாப்ளே. உருவினால் பழுப்புத் தண்ணீர், செத்த எலி நாற்றம். புரோக்கருக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது. அவள் கையைத் துடைத்தாள், பேனாவை மூடினாள், அழவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்: "ஒத்தையில போறதுல அப்பிடி என்னத்தா இருக்கு?"

"இஞ்சினை நிறுத்திட்டுப் பாயை ஏத்துனா செத்த நேரம் சத்தமே இருக்காது மாமா. அப்ப ஒருத்தரும் என்னைக் கூப்பிடல, நானும் ஒருத்தருக்கும் பதில் சொல்லல. அப்பா சொன்னது சரிதான். கோவாவுல இன்னொரு படகு இருக்கு. அதையும் நீங்கதான் தட்டணும்."

"கணீர்னு கேட்டா?"

"போயிருவேன்."

இப்போது சொல், நான் என்ன செய்யட்டும்? சரோஜா மறுபடியும் கையைப் பிடித்துவிட்டாள். ஒரு 'பொத்' சொன்னால் போதும். இந்த முறை உன் மகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவாள். வாழ்க்கையில் முதல்முறையாக என் பொய்க்கு மதிப்பு வந்திருக்கிறது, அதைத்தான் செலவழிக்க முடியவில்லை.

உனக்கு வாக்குத் தருகிறேன் மாப்ளே. கோவாவில் கணீரென்று கேட்டால், கணீர் என்றே சொல்வேன். பிறகு உன் பெண்டாட்டியின் காலில் விழுவேன்.

கரப்பான் வரிசை பொய். யானை பொய், எருமையும் பொய், அது ஒரு ஆட்டுக்குட்டி. நாலு நாள் பட்டினியும் பொய்தான், மத்தியானமே பிரியாணிக் கடைக்குப் போய் வந்தேன். திருப்புளி பிடி வரைக்கும் இறங்கியது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உனக்கு மச்சான், உன் மகளுக்குத் தாய்மாமன்,
பெருமாள்சாமி