மேனேஜரைப் பற்றி மட்டும்

ஜூன் 9

அன்புள்ள டைம்கீப்பர் அவர்களுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அறை புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேசிக்கொண்டபடி போன் வேண்டாம். போனில் ஐந்தாவது நிமிடம் நான் அழ ஆரம்பிக்கிறேன், நீங்கள் வாயை மூடிக்கொள்கிறீர்கள். கடிதம் போதும். அதிலும் மேனேஜரைப் பற்றி மட்டும் எழுதுவோம். நம் வீட்டில் யாரோடும் மனஸ்தாபம் இல்லாதவன் அந்தப் பூனை ஒருவன்தான்.

அவனுக்கு இன்சுலின் ஊசி போடுவது இதுவரை என் வேலையாக இருந்ததால் எழுதுகிறேன். முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. காலையும் மாலையும் ஒரே நேரத்தில். டிப்போவில் பஸ்களை நேரம் பார்த்து அனுப்புகிறவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். சர்க்கரை பார்க்கக் காதோரம் குத்துவதற்கு முன்னால், காதை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குங்கள். இல்லாவிட்டால் ரத்தம் வராது. குத்தியதும் திட்டுவான், வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட மறுத்தால் கால்நடை டாக்டரம்மாவைக் கேட்காமல் ஊசியைத் தொட வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இதை மேனேஜருக்கும் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்

ஜூன் 21

அன்புள்ள டீச்சருக்கு,

மேனேஜர் நலம். காலையில் எழுந்ததும் என் செருப்பு, பால் பாத்திரம், மீட்டர் பெட்டி மூன்றையும் மேற்பார்வை செய்துவிட்டுத்தான் சாப்பிட வருகிறார். சர்க்கரை பெரும்பாலும் இருநூறுக்குள் நிற்கிறது. முதல் இரண்டு நாள் ஊசி கோணலாகப் போனது. இப்போது இல்லை.

நம் டிப்போ கண்டக்டர் வந்திருந்தார். நான் காதைச் சூடாக்குவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும்தான் சக்கரை இருக்கு. என் வீட்ல யாராவது காத தடவி விடுறாங்களா?" என்று கேட்டார். "நீங்க மேனேஜர் இல்லையே" என்றேன். வெகுநேரம் சிரித்தார்.

இரவில் மேனேஜர் உன் தலையணையில்தான் படுக்கிறான். இதுவும் அவனைப் பற்றிய செய்திதான். பேச்சை மீறவில்லை.

இப்படிக்கு,
டைம்கீப்பர்

ஜூலை 8

அன்புள்ள டீச்சருக்கு,

பயப்படாதே. மேனேஜருக்கு ஈறு வீங்கி வாயில் எச்சில் ஒழுகுகிறது. டாக்டரம்மா சீழ் பிடித்திருக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டின் பக்கம் போகிறான், முகர்கிறான், திரும்பி வந்துவிடுகிறான்.

சர்க்கரைதான் எனக்குப் பிடிபடவில்லை. நேற்றுக் காலை ஒன்றும் சாப்பிடாமலேயே 410. மாலையில் 120. சாப்பிடாதவனுக்கு எப்படி ஏறும் என்று கேட்டேன். உடம்பில் நோய் இருந்தாலே ஏறும் என்றார். தினமும் ஊசிக்கு முன் அவருக்குப் போன் செய்து, அவர் சொல்கிற அளவு போடுகிறேன். சில நாள் பாதி, சில நாள் முழுசு.

அங்கே யாராவது கால்நடை டாக்டர் இருந்தால் நீயும் கேட்டு எழுது. உன் கையால் கொடுத்தால் சாப்பிடுவான் என்று தோன்றுகிறது.

இப்படிக்கு,
டைம்கீப்பர்

ஜூலை 12

அன்புள்ளவருக்கு,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. உடனே இங்குள்ள டாக்டரிடம் ஓடினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மெஷினில் வரும் எண்ணைத் துரத்தக் கூடாது. வயிற்றில் என்ன போனது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈறு ஆற ஆரம்பித்தால் சர்க்கரை தானாகவே சரசரவென்று இறங்கும், ஆபத்து அப்போதுதான். எண் எவ்வளவு அதிகமாகக் காட்டினாலும், பாதி வயிறுகூடச் சாப்பிடாத அன்று முழு அளவு போடவே கூடாது. தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ ஈறில் தேனைத் தடவிவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மீன் வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாகக் கொடுத்துப் பாருங்கள். வாசனைக்காவது நக்குவான்.

மாதக் கடைசியில் பத்து நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். அவனைப் பார்க்க வரலாம் என்று இருக்கிறேன். அவனைப் பார்க்க மட்டும் என்று எழுதினால் நம்புவீர்களா? தபால் பெட்டி திறக்கிற நேரமாகிவிட்டது. இப்போதே போட்டுவிடுகிறேன்.

உங்கள்
டீச்சர்

ஜூலை 15

அன்புள்ள டீச்சருக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. அன்று காலை சர்க்கரை 380. இரண்டு கரண்டி கஞ்சி நக்கினான், அவ்வளவுதான். டாக்டரம்மாவின் போன் அணைத்திருந்தது. ஞாயிறு என்பதால் கிளினிக் திறக்க நேரமிருந்தது. எனக்கு டிப்போவில் வேலை. இவ்வளவு ஏறியிருக்கும்போது போடாமல் விட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று நானாகவே முடிவு செய்து முழு அளவையும் போட்டேன். உன்னைக் கேட்டிருக்கலாம். போன் வேண்டாம் என்று பேசியிருந்ததால் செய்யவில்லை.

நான் கிளம்பிய பிறகு நக்கியதையும் வாந்தி எடுத்திருக்கிறான். பக்கத்து வீட்டு அம்மா டிப்போவுக்குப் போன் செய்தார். "அண்ணே, பூனை ஒரு மாதிரி கத்துது, சீக்கிரம் வாங்க." போனபோது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்தான். படுத்தபடியே நான்கு கால்களும் ஓடிக்கொண்டிருந்தன. காதில் குத்தினேன். 28. திட்டவில்லை. டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தபடி ஈறில் தேன் தடவினேன். டிப்போவிலிருந்து கூட வந்திருந்த கண்டக்டர் பைக்கில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் "மேனேஜர் சார், மேனேஜர் சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது, வலிப்பு நிற்கவில்லை. என் சட்டையில் முகம் வைத்தபடியே அடங்கினான். ஈறு நன்றாக ஆறியிருந்ததாம். மருந்து வேலை செய்திருக்கிறது.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. எல்லாம் சரியாகவே எழுதியிருந்தாய். தவறு முழுக்க என்னுடையது. நீ எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதே. வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடிக்கு அடியில் புதைத்தோம்.

விடுப்பில் வருவதாக எழுதியிருந்தாய், அவனைப் பார்க்க. இனி நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுதுவதற்கும் இனி விஷயம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
டைம்கீப்பர்

ஜூலை 20

அன்புள்ளவருக்கு,

இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அவனுக்காக அழுததை எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

போன் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் போனில் ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் பெயர் மூன்று முறை இருக்கிறது.

நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போன் மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து வந்து தாளில் முட்டியது. பார்த்தேன், எடுக்கவில்லை. வருகிறேன் என்று முந்தைய நாள்தான் எழுதிப் போட்டிருந்தேன். இப்போது பேசினால் பேச்சு எங்கேயாவது போய் எல்லாம் கெட்டுவிடும், முதலில் கடிதம் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். மூன்றாவது முறை அடித்தபோது போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எடுக்காத பழி என்மேல் விழக் கூடாது என்று அந்த ஒரு வரியை எழுதியிருக்கிறீர்கள். பதினொரு வருடமாக இதைத்தான் செய்கிறீர்கள். உங்களிடம் சொல்லாமல் மாற்றல் கேட்டு வாங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்து, "ஜன்னல் சீட் கெடச்சுதா?" என்றுதான் கேட்டீர்கள். உங்களுக்குக் கோபமே வராது என்று நம்ப நான் அசடு இல்லை. அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை. அதை மிதிக்காமல் அந்த வீட்டுக்குள் நடக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் கிளம்பினேன். உங்களுக்கு இது இன்னும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு முறை என்னைத் திட்டி எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். அந்தக் கடிதம் வந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். மன்னித்து எழுதினால் வர மாட்டேன், இனி எழுதவும் மாட்டேன்.

டீச்சர்

ஜூலை 26

மூணு தடவ அடிச்சேன். ஊசிய கையில வச்சுக்கிட்டு நின்னேன். அவன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். நான் சண்டைக்கா கூப்பிட்டேன்? போடவா, வேணாமா, அவ்வளவுதான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். இந்தக் கையாலதான போட்டேன்.

ஏண்டி எடுக்கல?