அலகும் நான்கு போத்தல்களும்

மெர்கோங்,
20.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஷாமளா எழுதுகிறேன். கட்டிய மனைவியையே போனில் பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை அப்படிச் செய்ய முடியாதே, அதனால்தான் இந்தக் கடிதம். என் அக்கா தேவகி வீட்டில் நலமாக இருக்கிறேன். அங்கே தொழிற்சாலை வேலை போனாலும், இங்கே ஒரு தையல் கடையில் வேலை கிடைத்துவிட்டது. உங்கள் கன்னம் ஆறியதா? சூடாக எதுவும் குடிக்காதீர்கள்.

தைப்பூசம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. கண்ணை மூடினால் இரத்தத்தில் நனைந்த அந்தத் துண்டுதான் தெரிகிறது. போன இரண்டு வருடமும் அய்யாவு அண்ணன் உங்களுக்கு அலகு குத்தியபோது ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. இந்த வருடம் கழுத்து வரை ஊற்றியது. மூன்று துண்டு நனைந்தும் நிற்கவில்லை. நான் பதறிக்கொண்டு நிற்கிறேன், உங்கள் நவமணி அக்கா அத்தனை பேர் முன்னால், "விரத வீட்டுல நீ என்னா தீட்டு பண்ண? சாமி காட்டிட்டாருல்ல!" என்கிறார். அப்போது உங்களால் பேச முடியாது, சரி. மறுநாள் வாய் திறந்தீர்களே, எதற்கு? "சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு" என்று சொல்லத்தானே!

நாற்பத்தெட்டு நாளும் உங்களோடு தரையில் படுத்து, ஒரு வேளை மரக்கறி சாப்பிட்டவள் நான். அதனால்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பதில் போடுங்கள், மனது ஒரு நிலையில் இல்லை.

உங்கள்
ஷாமளா


புக்கிட் செலம்பாவ்,
27.2.2025

ஷாமளாவுக்கு,

கன்னத்தில் போட்ட இரண்டு தையலையும் பிரித்துவிட்டார்கள். சமையல் நானேதான். சோறு தினமும் கஞ்சியாகிவிடுகிறது.

மோட்டார் விபத்தில் உயிர் பிழைத்ததற்கு மூன்று வருடக் காவடி நேர்ந்துகொண்டேன். மூன்றாவது பாதியில் நின்றுபோனதை நினைத்தால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அக்கா பெரியவர்களிடம் கேட்டு வந்தார். நீ தப்பை ஒத்துக்கொண்டால் பரிகாரம் உன்னுடையது, ஒரு பால்குடத்தோடு முடிந்துவிடும். இல்லையென்றால் குறை என்னுடையது. பங்குனி உத்திரத்தில் நான் மறுபடி குத்திக்கொள்ள வேண்டும், முதுகிலும் சேர்த்து. உண்மையைச் சொல், மன்னித்துவிடுகிறேன்.

விரதம் ஆரம்பித்துவிட்டேன். தெம்புக்கு அக்கா விற்கும் சத்து மாத்திரைகள் இருக்கின்றன, தீபாவளிக்குப் பிறகு ஆரம்பித்தேனே, அவைதான். மீன் எண்ணெய், பூண்டு, ஜின்கோ இலை, வைட்டமின் ஈ என்று நான்கு போத்தல். இரத்தம் போய்விட்டதால் இப்போது இரட்டிப்பாக எடுக்கச் சொல்லியிருக்கிறார். கையிலும் தொடையிலும் நீலம் நீலமாக இருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

காளிதாசன்


மெர்கோங்,
5.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் இரண்டு வருடம் இந்த நான்கு போத்தலும் வீட்டில் இல்லையே, யோசித்தீர்களா? நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் புத்தி போகவில்லை. கடை எதிரில் இருக்கும் மருந்துக் கடைக்கு ஓடினேன். அங்கே மருந்தாளர் சாஃபியா என்ற பெண். கடிதத்தைக் காட்டினேன்.

"இதெல்லாம் ஒரே ஆளா சாப்பிடறாரு? ஒண்ணொண்ணா எடுத்தா நெறைய பேருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. நாலும் சேந்தா ரத்தம் சீக்கிரத்துல உறையாம போகலாம். ஆபரேஷனுக்கு முன்னாடியே நிப்பாட்டச் சொல்வாங்க லா. இவரு கம்பி குத்திக்கப் போறாரா?" என்று கேட்டாள். நீங்கள் போடும் முட்டி வலி மாத்திரையைப் பற்றியும் சொன்னேன், அதுவும் சேர்ந்தால் இன்னும் மோசமாம். அந்த நீலத்தை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னாள்.

மாமா, நான்கையும் நிறுத்துங்கள். கிளினிக்குக்குப் போங்கள். இன்னொன்று, விரதத்தில் மீன் எண்ணெய் விழுங்கியவர் நீங்கள். தீட்டை என் பாத்திரத்தில் தேடுகிறீர்கள்!

ஷாமளா


புக்கிட் செலம்பாவ்,
13.3.2025

ஷாமளா,

மருந்துக் கடைப் பெண்ணுக்கு முருகனைப் பற்றி என்ன தெரியும்? பூண்டும் இலையும் எப்படிக் கெடுதல் செய்யும்? மருந்துக்கு விரதம் கிடையாது என்று அக்கா சொல்லிவிட்டார். பல் துலக்கினால் இரத்தம் வருகிறது. உடம்புச் சூடுதான், இளநீர் குடித்தால் போய்விடும்.

உத்திரத்துக்கு இன்னும் நான்கு வாரம். முதுகுக்கு இருபத்தொரு கொக்கி என்று அய்யாவு அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

காளிதாசன்


மெர்கோங்,
18.3.2025

மாமாவுக்கு,

ஒத்துக்கொள்கிறேன். விரதத்தில் ஒரு நாள் தொழிற்சாலைக் கேன்டீனில் கோழிக்கறி சாப்பிட்டேன். குளிக்காமல் வந்து உங்களுக்குச் சமைத்தேன். குறை என்னுடையது. பால்குடம் நான் எடுக்கிறேன். நீங்கள் ஒரு ஊசிகூடக் குத்திக்கொள்ள வேண்டாம். இதை நவமணி அக்காவிடம் காட்டுங்கள், அவர் ஊர் கோலா கெத்தில் முழுக்கச் சொல்லட்டும்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். இன்றைக்கே நான்கு போத்தலையும் பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ஒன்றைக்கூட மறைக்காதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஷாமளா


புக்கிட் செலம்பாவ்,
8.4.2025

அன்புள்ள ஷாமளா,

உன் கடிதத்தைப் படித்துக் கொதித்தேன், மறைக்கவில்லை. அக்கா அதை நாலு வீட்டில் படித்துக் காட்டிவிட்டார். ஆனால் அலகு வேண்டாம் என்று அய்யாவு அண்ணனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஈறில் இரத்தம் நிற்காமல் போனதும் கிளினிக்குக்கும் போனேன்.

டாக்டரம்மா நான்கு போத்தலையும் மேசையில் வரிசையாக வைத்தார். "இதையெல்லாம் யாரு சேத்து சாப்பிடச் சொன்னா?" என்று கேட்டார். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் நிறுத்தினார். கொக்கிக் கணக்கைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது நீலம் போய்விட்டது, ஈறும் சரி. தைப்பூசத்தன்று அப்படி ஊற்றியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உத்திரம் முடிந்து அடுத்த சனிக்கிழமை வந்து உன்னை அழைத்துப் போகிறேன். பழையதையெல்லாம் விட்டுவிடுவோம். ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, கோபிக்காதே. அந்தக் கோழிக்கறி சாப்பிட்டது உண்மையா, பொய்யா?

அன்புடன்
காளிதாசன்


மெர்கோங்,
14.4.2025

காளிதாசன் அவர்களுக்கு,

நீலம் போய்விட்டது என்று படித்ததும் தையல் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதேன். சாஃபியாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உத்திரத்தன்று இங்குள்ள கோயிலில் பால்குடம் எடுத்தேன். அது பரிகாரம் இல்லை. நீங்கள் இரண்டாவது முறை பிழைத்ததற்கு நான் சொன்ன நன்றி.

இனி யார் எதைக் கொடுத்தாலும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். உங்கள் அக்கா கொடுத்தாலும்தான்.

சனிக்கிழமை வர வேண்டாம். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. ஆறு வருடம் என் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். டாக்டர் அவ்வளவு சொன்ன பிறகும் என்னை விசாரிக்க உங்களுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒருத்தி எதற்காக அப்படி ஒரு கடிதம் எழுதுவாள் என்று உங்களுக்கே தோன்றவில்லை என்றால், நான் சொல்லிப் பயனில்லை.

நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று தவித்தேன். இருக்கிறீர்கள், சந்தோஷம். அலமாரியில் என் சேலைகள் இருக்கின்றன. மெர்கோங் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு
ஷாமளா