நீராவி நின்றது, நொதி நிற்கவில்லை

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் உன் அப்பாவும் கைகால் முழுசாக, நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆலையில் எல்லோர் முன்னாலும் நாங்கள் சண்டை போட்டதாக அத்தை உன்னிடம் சொன்னாளாமே. சண்டை நிஜம்தான், ஆனால் அவளுக்குத் தெரிந்தது பாதிதான். போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து கதையை மாற்றிவிடுவார், அதனால்தான் கடிதம்.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்று சணலும் பருத்தியும் கலந்த விரிப்புத் துணி கேட்டிருந்தது. சணல்தான் உனக்குத் தெரியுமே, கோணிப்பை மாதிரி அறுக்கும், பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. அதை மென்மையாக்க இந்தமுறை நொதியில் ஊறவைத்தோம். வயிற்றில் சாப்பாட்டைச் செரிக்கவைக்கிறதே, அந்த இனம்தான். நாரின் மேல் துருத்தும் பிசிரைத் தின்றுவிட்டுத் துணியைப் பட்டுப்போல ஆக்கிவிடும். ஒரே வம்பு, போதும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பதம் வந்ததும் கொதிக்கிற தண்ணீர் விட்டு அடக்காவிட்டால் நூலையும் தின்ன ஆரம்பித்துவிடும், துணி கையோடு கிழிந்து வரும்.

அன்றைக்குப் பதம் வந்துவிட்டது, தண்ணீரைக் கொதிக்கவைக்க நீராவிக் குழாயைத் திறக்கிறேன், வெறும் காற்று. சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர் அறைக்கு ஓடினால், அதை ஓட்டுகிற அப்பா நெருப்பை அணைத்துவிட்டு நிற்கிறார், உள்ளே தண்ணீர் மட்டம் கண்ணாடியில் தெரியவில்லையாம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "கொஞ்ச நேரம் ஓட்டுங்க, ஒரு தொட்டித் துணி முழுக்க வீணாப் போகுது" என்று கத்தினேன். முடியாது என்றார். மேலாளரும் ஓடிவந்து என் பக்கமே பேசினார், அப்பா அசையவில்லை. வீட்டில் பண்ணுகிற பிடிவாதம் போதாதா, இங்கேயுமா என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன். அதற்கும் அவர் குரலை உயர்த்தாமல், "அந்த மருந்தை அடக்க வெந்நீரை விட்டா வேற வழியே இல்லையா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்த நொதி லேசான புளிப்புத் தண்ணீரில்தான் வேலை செய்யும், சலவைச் சோடாவைப் போட்டால் சுருண்டுவிடும். பயிற்சியில் படித்ததுதான், ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தேன். சாயத்துக்கு வைத்திருந்த சோடா மூட்டையை நாங்கள் பெண்களெல்லாம் சேர்ந்து இழுத்துவந்து கரைத்து ஊற்றினோம். துணியை அலசிக் காயவைத்து, வலுப் பார்க்கும் கருவியில் மாட்டினேன். முள் ஏற ஏற நூல் விட்டுக்கொடுக்கவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், பிறந்தபோது உன் உள்ளங்கால் இருந்த மாதிரி இருந்தது.

அப்போதும் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, சாப்பிடும்போது உப்பு ஜாடியை நகர்த்துவதோடு சரி. மறுநாள் பாய்லரைப் பிரித்துப் பார்த்த பொறியாளர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் வரும் வழி அடைத்துப்போய், குழாய் ஒன்று காய்ந்து புடைத்து விரிசல் விட்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா வெடிச்சு இந்தச் சுவரே இருந்திருக்காதும்மா" என்றார். சுவருக்கு மறுபக்கம்தான் எங்கள் தொட்டி. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், என்னை ஒரு வார்த்தை திட்டியாவது இருக்கலாமே என்று அழுதேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "திட்டத் தோணலை. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ நிக்கிறே, அது ஒண்ணுதான் மண்டையில ஓடிச்சு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது. இனி அவர் பிடிவாதத்தைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது, நஷ்டம் அது ஒன்றுதான். துணி போய்ச் சேர்ந்துவிட்டது, பாய்லருக்குப் புதுக் குழாய் போட்டாயிற்று, நேற்று நன்றாகத் தூங்கினேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் நல்லபடியாக இரு, கண்ணு. அடிக்கடி தலைவலி என்றாயே, கண் டாக்டரைப் பார்த்தாயா? வேலை செய்கிற இடத்தில் யாராவது நிறுத்து என்றால் முதலில் நிறுத்திவிடு. சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், அதற்கு ஆட்கள் உயிரோடு இருப்பார்கள்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா