இரும்புக் கதவுக்குள் கோதுமை

சுவா சூ காங்
ஜூலை, ஞாயிறு

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணிக்கு,

லீலா வணங்கி எழுதுவது. அடிலெய்டில் குளிர் எப்படி இருக்கிறது? முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டு இனியா துள்ளிக் குதித்தாள். இங்கே நாங்கள் மூவரும் நலம்.

தாளில் எழுதிய கடிதம் வருகிறதே என்று பதறிவிடாதீர்கள். கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் கைபேசிகள் எல்லாம் இப்போது கூடத்து டிராயரில் இருக்கின்றன. திரை பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்று உங்கள் தம்பி செய்த ஏற்பாடு. வேண்டும் என்றால் அவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். இனியாவுக்கு அடுத்த வருஷம் பெரிய தேர்வு வருகிறது, அதற்கும் நல்லதுதான் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவர் வேலை பார்த்த கப்பல் நிறுவனத்தில் அவருடைய பிரிவையே மூடிவிட்டது உங்களுக்குத் தெரியும். எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் சும்மா இருப்பாரா? இப்போது வீட்டுச் சாமான் வாங்குவதை முழுக்க அவரே எடுத்துக்கொண்டார். நம் ஊரில் விளைவது ஒன்றுமில்லை, எல்லாம் கப்பலில்தான் வருகிறது, அது நிற்கப் போகிறது என்கிறார். கொரோனா சமயத்தில் கடைகளில் அலமாரிகள் காலியாகக் கிடந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாவு சீக்கிரம் கெட்டுப்போகும், அரிசியில் வண்டு வரும், முழுக் கோதுமை மட்டும் ஈரம் படாமல் வைத்தால் வருஷக்கணக்கில் இருக்குமாம். தேக்கா கடைத்தெருவுக்குப் போய்த் தள்ளுவண்டியில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறார். ஒரே கடையில் இரண்டாம் முறை வாங்குவதில்லை. கடைக்காரர்கள் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாதாம்.

எல்லாம் பாம் ஷெல்டரில் இருக்கிறது. நீங்கள் இருந்த பழைய பிடோக் வீட்டில் அது கிடையாது. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள அரசாங்கம் வீட்டுக்குள்ளேயே கட்டிக் கொடுத்த சின்ன அறை. கான்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. மற்றவர்கள் அதில் பழைய பெட்டியும் குடையும் போட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் கூரை வரைக்கும் மூடி போட்ட வாளிகள். காற்று வர இருந்த இரண்டு துவாரங்களையும் ஈரம் வரும் என்று தகடு வைத்து அடைத்துவிட்டார்.

கோதுமைச் சமையல் எனக்குப் பழகிவிட்டது. முதல் நாள் வெந்தது போதாமல் இனியா ரப்பரை மெல்லுவது போல மென்றாள். இப்போது முந்தின இரவே ஊறப் போட்டு, குக்கரில் நன்றாக விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும் வரை விட்டுவிடுகிறேன். மணி வாய் பிளந்து மெத்தென்று இருக்கும். சோறு மாதிரியே மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடலாம். மிஞ்சியதை மோரில் போட்டுச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் மதியத்துக்கு ஆயிற்று. முளை கட்டினால் லேசாக இனிக்கும், தேங்காய் போட்டுச் சுண்டல் தாளிப்பேன். ஊறியதைப் பச்சைப் பருப்போடு அரைத்தால் அடை. உங்கள் தம்பி ரசித்துச் சாப்பிடுகிறார். சாப்பிடும்போது மட்டும் பழைய அகிலனாக இருக்கிறார்.

பதில் எழுதினால் நான் வேலை செய்யும் பாலர் பள்ளி விலாசத்துக்கு எழுதுங்கள். உறையின் பின்னால் இருக்கிறது. எங்கள் லெட்டர் பாக்ஸ் சாவியையும் அவரே வைத்திருக்கிறார்.

உங்கள் ஆசியை நாடும்,
லீலா


சுவா சூ காங்
செப்டம்பர், வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. தம்பிக்கு எப்போதும் முன்ஜாக்கிரதை அதிகம், பயப்படாதே என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் பலமுறை எடுத்துப் படித்தேன்.

வீட்டில் இப்போது அரிசி கிடையாது. ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ் எதுவும் உள்ளே வரக் கூடாது. நாக்கு இப்போதே பழகிவிட வேண்டும், பிறகு அழுதால் பயனில்லை என்கிறார். பள்ளி கேன்டீனில் இனியா சிக்கன் ரைஸ் வாங்கிச் சாப்பிட்டது தெரிந்து அவளிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் யார் மீதும் கை ஓங்கியதில்லை, அது உங்களுக்கே தெரியும். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் அவள் கேன்டீன் பக்கம் போவதே இல்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை மச்சிக் என்று கூப்பிடுவோம். அவர்தான் கோதுமையைத் தேங்காய்ப் பாலும் குலா மலாக்கா வெல்லமும் வாசனைக்குப் பாண்டான் இலையும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தார். புபோர் தெரிகு என்பார்கள். இனியா இரண்டு கிண்ணம் குடித்தாள். அந்த மகிழ்ச்சியில் மச்சிக்குக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது உங்கள் தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. "நம்ம வீட்டுல இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு இல்லாம போனா முதல்ல எந்தக் கதவைத் தட்டுவாங்க? யோசிச்சியா லா?" என்றார். மறுநாள் எங்கள் இரும்புக் கிராதிக்கு இன்னொரு பூட்டு வந்தது.

அண்ணி, இதுவரைக்கும் எழுதியதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இனி வருவதை எழுதாமல் இருக்க முடியாது.

போன வாரம் பள்ளி விடுமுறை. ஒரு வாளியைத் திறந்தபோது கோதுமையில் வண்டு ஊர்ந்தது. உங்கள் தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. தெரிந்த மீன் வியாபாரி ஒருவரிடம் போய் உலர் பனிக்கட்டி வாங்கி வந்தார். தண்ணீராக உருகாமல் அப்படியே வாயுவாகிவிடும் பனி அது. வாளிக்குள் போட்டால் அந்த வாயுவில் வண்டு மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். எல்லா வாளியிலும் போட்டு, மூடியை லேசாக வைத்து, அந்த அறையில் அடுக்கினார். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்று பிள்ளைகள் குறைவு என்பதால் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் இனியாவின் செருப்பு வாசலில் கிடக்கிறது, ஆளைக் காணோம். பாம் ஷெல்டர் கதவு மூடியிருந்தது. கப்பல் நின்றுபோகும் நாளுக்கு உள்ளே பூட்டிக்கொண்டு இருந்து ஒத்திகை பார்க்கப் போகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவில் தட்டினேன். உள்ளேயிருந்து மெல்லிய குரலில், "இன்னும் நேரம் முடியல. வெளியே இரு" என்றார். இனியாவைப் பேசச் சொன்னேன். "அவ தூங்குறா" என்றார்.

அவள் பகலில் தூங்கும் பிள்ளை இல்லை, அண்ணி.

தோசைக்கல்லை எடுத்துவந்து கதவில் அடித்தேன். பூட்டை உள்பக்கம் மாட்டியிருந்தார். திறக்கச் சொல்லிக் கத்தினேன். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. அவரே தள்ளாடிக்கொண்டு வந்தார். இனியா வாளியில் தலை சாய்த்து, வாய் திறந்து, வேக வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்கு ஓடினேன். காற்று பட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுத்தாள். பிறகு, "அம்மா, நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

டாக்டரிடம் போனோம். உங்கள் தம்பியும் கூடவே வந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். வெயிலில் விளையாடினாள், காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். நான் வாய் திறந்தேன். இனியா அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மூடிக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் அவர் சாந்தமாகச் சொன்னார்: "பனிக்கட்டி போட்ட அன்னைக்குப் போயிருக்கக் கூடாது. அது மட்டும்தான் தப்பு. அடுத்த தடவை நீயும் வா. இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்து பார்க்கணும்."

அடுத்த தடவை என்பது டிசம்பர் விடுமுறை. அவர் உங்கள் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவார். வர முடியுமா?

லீலா


மார்சிலிங்
நவம்பர், புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று நஸீஹாவின் ஃபோனில் உங்களோடு பேசும்போது பாதிதான் சொன்னேன். இனியா பக்கத்தில் இருந்தாள். மீதியை எழுதுகிறேன். நஸீஹா இதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிடுவாள். அவள் என்னோடு பாலர் பள்ளியில் வேலை செய்கிறவள். தன் இரண்டு பெண்களின் அறையிலேயே எங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறாள்.

நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியதை உங்கள் தம்பி தடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் வந்தார். "நேரம் வந்தா நானே வந்து கூட்டிட்டுப் போறேன். தூரமா எங்கேயும் போயிடாதீங்க" என்று சொல்லி இனியாவின் தலையைத் தடவினார். இங்கே வந்து பையைத் திறந்தால், துணிகளுக்கு நடுவில் ஒரு பொட்டலம் கோதுமை. இனியா அதைப் பார்த்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு, சாத்திய கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே ஓடி வந்தாள். இப்போதெல்லாம் கதவு மூடிய இடத்தில் அவள் இருப்பதில்லை.

உதவி கேட்டு நான் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் சொல்லிவிட்டேன். சமூகநல அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். உங்கள் தம்பி அவர்களை உட்காரவைத்து, கோதுமைப் பொங்கல் செய்து முந்திரி தாளித்துப் பரிமாறியிருக்கிறார். கப்பல் போக்குவரத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசினாராம். அந்த அறையில் ஒத்திகை வேண்டாம் என்று அவர்கள் சொன்னதற்குச் சரி என்றும் தலையாட்டியிருக்கிறார். மனநல மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் போகவில்லை.

அதன் பிறகு மச்சிக் என்னைத் தேடி பள்ளிக்கே வந்தார். எங்கள் வீட்டிலிருந்து மிக்ஸி ஓடும் சத்தம், குக்கர் சத்தம் எதுவுமே கேட்கவில்லை என்றார். திங்கட்கிழமை நான் தனியாகப் போனேன்.

கூப்பிட்டவுடன் கதவைத் திறந்தார். சட்டை தோளிலிருந்து நழுவும் அளவுக்கு இளைத்துவிட்டார், அண்ணி. மேசையில் மூன்று தட்டுகள். மூன்றிலும் வேகவைத்த கோதுமை. ஒன்றில்கூடக் கை வைத்த அடையாளம் இல்லை, மேலே ஆடை காய்ந்து பூசணம் பிடித்திருந்தது. குப்பைத்தொட்டி நிறைய அதே கோதுமை. உடம்பில் தெம்பு இருந்த வரைக்கும் தினமும் மூன்று பேருக்கு ஊறப் போட்டு, வேகவைத்து, பரிமாறி வைத்துவிட்டு, நாங்கள் வராமல் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

பாம் ஷெல்டர் கதவு திறந்திருந்தது. உள்ளே வாளிகளை ஓரமாக ஒதுக்கி, தரையில் மூன்று பாய் விரித்திருந்தார். இனியாவின் பாய் நடுவில். அவள் தலையணையும் இருந்தது.

"நல்லவேளை வந்துட்ட. பாப்பா கீழ நிக்கிறாளா? நீ உள்ள போய் உட்காரு, நான் போய் அவளக் கூட்டிட்டு வந்து கதவ மூடிடறேன்" என்றார். அவ்வளவு நிம்மதி அவர் முகத்தில். கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

நான் உள்ளே போகவில்லை. அவரை மேசைக்குக் கூட்டிவந்து, புதிதாகக் கஞ்சி காய்ச்சி, முதலில் நான் ஒரு வாய் குடித்துக் காட்டினேன். அதற்கப்புறம்தான் அவர் குடித்தார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "அக்கா வந்து சொன்னா போறேன்" என்றார். அதை அவர் வாயாலேயே சொன்னார், அண்ணி. நான் உங்களை வற்புறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நஸீஹாவுக்கு அதில் சம்மதம் இல்லை, என்னோடு சண்டை போட்டாள். இனியா இங்கேயே இருக்கட்டும். நீங்கள் வரும் வரைக்கும் நான் அங்கே போய் இருந்து அவரைச் சாப்பிட வைக்கிறேன். நான் இல்லாமல் அவர் சாப்பிட மாட்டார், அப்படியே போய்விடுவார். அந்தக் கதவின் உள்பூட்டைக் கழற்றி எடுத்துவந்து நஸீஹாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் வேறு வாங்கமாட்டார் என்று சொல்ல முடியாது. காலையும் மாலையும் மச்சிக் வந்து மணி அடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் குரல் கொடுக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. எங்கள் இருவரையும் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை விமானத்தில் வருவதாகச் சொன்னீர்கள். சாங்கி விமான நிலையத்தில் வெளியே வரும் இடத்தில் நான் நிற்பேன். நிற்கவில்லை என்றால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். சுவா சூ காங்குக்குத் தனியாகப் போகவும் வேண்டாம். நேராக மார்சிலிங் வந்துவிடுங்கள். நஸீஹா கீழே வந்து உங்களை அழைத்துப் போவாள். இனியா கேட்பதற்கெல்லாம் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள், அவள் புரிந்துகொள்ளும் பெண். உங்கள் கையை அவள் தலையில் வைத்து, அப்பாவும் அம்மாவும் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை என்று சொல்லுங்கள். அதை நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள்.

உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,
லீலா